இரண்டு பென்னிக் காளை!

இங்கிலாந்து தேசத்தில் லஃபரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் டிஷ்லி என்று ஒரு சிறு கிராமம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னால் அந்தக் கிராமத்துப் பண்ணை வீட்டுக்குப் போனவர்கள், வாசலைத் தாண்டியதும் திகைத்து நின்றார்கள்.

கூடத்தில் மாடுகளின் எலும்புக்கூடுகளும் ஆடுகளின் எலும்புக்கூடுகளும் நின்றன. பக்கத்தில் ஜாடிகள். ஜாடிகளில், உப்பு நீரில் ஊற வைத்த இறைச்சித் துண்டங்கள்!

அது மந்திரவாதியின் வீடு அல்ல. வைத்தியரின் வீடும் அல்ல. ஒரு குடியானவரின் வீடு. அவர் பெயர் ராபர்ட் பேக்வெல்.

தாய் மாட்டின் எலும்பு எவ்வளவு பருமன்? அதன் மகளின் எலும்பு எவ்வளவு பருமன்? பேத்தியின் எலும்பு எவ்வளவு மெலிந்தது? இதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அவர் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தார். ஆடு மாடு வளர்ப்பதில் உலகம் அதுவரை காணாத ஒரு வழியை அவர் காட்டினார். அந்த வழியில் பெரும் புகழும் இருந்தது. பெரிய ஆபத்தும் இருந்தது.

குத்தகைக் குடும்பம்

பேக்வெல் 1725-ஆம் ஆண்டு டிஷ்லியில் பிறந்தார். அவருடைய தந்தையின் பெயரும் ராபர்ட்தான். நிலம் அவர்களுக்குச் சொந்தம் அல்ல. தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்து வந்தார்கள். பண்ணையின் அளவு சுமார் 440 ஏக்கர். அதில் பெரும்பகுதி புல்வெளி.

இளமையில் பேக்வெல் வீட்டோடு இருக்கவில்லை. ஊர் ஊராகச் சுற்றினார். யார் எப்படி மாடு வளர்க்கிறார்கள், என்ன தீனி போடுகிறார்கள், எந்த ஊர் மாடு எதற்குப் பெயர் போனது என்று பார்த்து வந்தார். 1760-ஆம் ஆண்டு பண்ணைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 35.

நல்லது கசாப்புக்கு, நோஞ்சான் பட்டிக்கு

அந்தக் காலத்தில் மாடு வளர்ப்பு எப்படி இருந்தது தெரியுமா?

பல ஊர்களில் பொது மேய்ச்சல் நிலத்தில் எல்லோருடைய மாடுகளும் கலந்து மேய்ந்தன. எந்தப் பசுவுக்கு எந்தக் காளை என்று யாரும் பார்க்கவில்லை. கன்று பிறந்தால் சரி. அது யாருடைய கன்று, எந்த வம்சம் என்று கேட்பார் இல்லை.

இன்னொரு கேடும் இருந்தது. கொழுகொழு என்று வளர்ந்த மாட்டுக்குக் கசாப்புக்காரர் நல்ல விலை கொடுப்பார். ஆகவே நல்ல மாட்டை முதலில் விற்றுவிடுவார்கள். விலை போகாத நோஞ்சான் மாடுதான் பட்டியில் மிஞ்சும். அடுத்த தலைமுறை அதன் வயிற்றில்தான் பிறக்கும். விதை நெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைப்பது போன்ற காரியம் இது!

பேக்வெல் இதைத் தலைகீழாக மாற்றினார். மிக நல்லதை விற்கக் கூடாது. அதை வைத்துத்தான் வம்சத்தைப் பெருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஆண் மாடுகளையும் பெண் மாடுகளையும் தனித்தனியே பிரித்துக் கட்டினார். எந்தப் பசுவுக்கு எந்தக் காளை என்பதை அவரே தீர்மானித்தார்.

காளையே பாதி மந்தை

ஒரு பசு சினையாகிக் கன்று ஈன ஒன்பது மாதமும் சில நாட்களும் ஆகும். ஆண்டுக்கு ஒரு கன்றுதான். ஆயுள் முழுவதும் சேர்த்தாலும் அது ஈனும் கன்றுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பொலிகாளை அப்படி அல்ல. ஒரே ஆண்டில் பல பசுக்களுக்குத் தந்தையாகிவிடும். பசு கெட்டதாக இருந்தால் ஒரு கன்று கெடும். காளை கெட்டதாக இருந்தால் ஒரு மந்தையே கெடும். இதனால்தான் காளையைத் தேர்ந்தெடுப்பதில் பேக்வெல் அத்தனை கவனம் செலுத்தினார்.

அந்த நாளில் பலர் மாட்டின் உயரத்தைப் பார்த்தார்கள். பெரிய எலும்பு, பெரிய தலை, நீண்ட கால் இருந்தால் நல்ல மாடு என்று எண்ணினார்கள். எலும்பையும் காலையும் யார் தின்பார்கள் என்பது பேக்வெல்லின் கேள்வி. தலை சிறுத்திருக்க வேண்டும். எலும்பு மெலிந்திருக்க வேண்டும். உடல் பீப்பாய் போல் உருண்டு, நல்ல இறைச்சி இருக்கும் இடங்களில் சதை பிடித்திருக்க வேண்டும். குறைந்த தீனியில், குறைந்த காலத்தில் கொழுக்க வேண்டும். இதுதான் அவர் கணக்கு.

கண்ணால் பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. கையால் தொட்டுப் பார்த்தார். தோலை விரலால் பிடித்துப் பார்த்தார். தோல் மிருதுவாக, கைக்கு இதமாக இருந்தால் அந்த மாடு சீக்கிரம் கொழுக்கும் என்பது அவர் அனுபவம்.

பெயரில் இரண்டு காசு!

லெஸ்டர்ஷயர் பகுதியில் நீண்ட கொம்புள்ள மாடுகள் உண்டு. அந்த இனத்தைத் திருத்த பேக்வெல் முடிவு செய்தார். கவென்ட்ரி நகரத்துக்கு அருகே கான்லி என்ற ஊரில், வெப்ஸ்டர் என்பவரின் பண்ணையிலிருந்து இரண்டு கிடேரிகளை வாங்கினார். வடக்கே வெஸ்ட்மோர்லாந்து சீமையிலிருந்து ஒரு காளையைக் கொண்டு வந்தார்.

கான்லிக் கிடேரிக்கும் வடக்கத்திக் காளைக்கும் ஒரு காளைக் கன்று பிறந்தது. அதற்கு ‘டூபென்னி’ என்று பெயர். டூபென்னி என்றால் இரண்டு பென்னி. அந்த நாட்டில் அது மிகச் சிறிய காசு. பெயர்தான் இரண்டு காசு. ஆனால் நீண்ட கொம்பு இனத்தின் புகழ் பெற்ற வம்சம் முழுவதும் அந்தக் காளையிலிருந்தே கிளைத்தது!

பேக்வெல் இத்துடன் விடவில்லை. யாரும் துணியாத ஒரு காரியத்தைச் செய்தார். டூபென்னியை அதே வம்சத்துப் பசுக்களுடன் சேர்த்தார். தகப்பன், மகள் என்ற நெருங்கிய உறவுக்குள்ளேயே கன்றுகளைப் பெற்றார். வெளிக் காளையைக் கொண்டு வந்தால், கிடைத்த குணம் கலைந்துவிடும். உள்ளுக்குள்ளேயே சேர்த்தால் அந்தக் குணம் நிலைத்துவிடும் என்பது அவர் யோசனை. அக்கம் பக்கத்தார் முகம் சுளித்தார்கள். வம்சம் அழிந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். அவர் கேட்கவில்லை.

விற்பனை இல்லை, வாடகைதான்!

ஆடுகளிலும் இதே முறையைக் கையாண்டார். அவர் உண்டாக்கிய செம்மறி இனத்துக்குப் புதிய லெஸ்டர் என்று பெயர். பழைய ஆடுகளைவிட மிகச் சிறு வயதிலேயே அது கசாப்புக்குத் தயாராகிவிட்டது.

அவரிடம் கடா வாங்க வந்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அவர் கடாவையும் காளையையும் விற்க மறுத்தார். ஒரு பருவத்துக்கு வாடகைக்கு மட்டுமே விட்டார்! பருவம் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

முதலில் ஊர் சிரித்தது. 1760-இல் ஒரு கடாவுக்கு ஒரு பவுன் வாடகைகூடக் கிடைக்கவில்லை. ஆனால் 1789-இல் கடா வாடகையில் மட்டும் அவருக்குச் சுமார் 3,000 கினி வந்தது. ஒரு கினி என்பது ஒரு பவுனைவிடச் சற்று அதிகம்.

வாடகையில் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்றும் இருந்தது. ஒரு காளை பல பண்ணைகளுக்குப் போய்த் திரும்பும். அங்கெல்லாம் அதற்குப் பிறந்த கன்றுகளை பேக்வெல் போய்ப் பார்ப்பார். எந்தக் காளையின் கன்றுகள் எல்லா இடத்திலும் நன்றாக இருக்கின்றனவோ, அந்தக் காளையை மறுபடி தன் மந்தைக்கு அழைத்துக்கொள்வார். காளையின் அழகு காளையிடம் அல்ல, கன்றுகளிடம் தெரியும் என்பதே இதன் பொருள். இன்று செயற்கைமுறைக் கருவூட்டல் நிலையங்கள் காளைகளை மதிப்பிடுவதும் இந்த அடிப்படையில்தான்.

அடியும் இல்லை, உதையும் இல்லை

டிஷ்லியில் இன்னொரு அதிசயமும் இருந்தது. பிற ஊர்களில் பொலிகாளை என்றால் ஆட்கள் அஞ்சி ஒதுங்குவார்கள். டிஷ்லியில் ஒரு சிறு பையன் கையில் மெல்லிய குச்சியை வைத்துக்கொண்டு பெரிய காளைகளை ஓட்டிச் செல்வான். அவை சாதுவாக நடக்கும்.

மாட்டை அடிப்பது அங்கே கிடையாது. கன்றிலிருந்தே அன்பாகப் பழக்கினார்கள். மிரண்ட மாடு தின்ற தீனி உடம்பில் ஒட்டாது என்பதை பேக்வெல் அறிந்திருந்தார்.

ஓடை நீரை வாய்க்கால் வெட்டிப் புல்வெளிக்குப் பாய்ச்சினார். ஆண்டில் பல முறை புல் அறுத்தார். டர்னிப் கிழங்கை வண்டியில் ஏற்றாமல் வாய்க்கால் தண்ணீரில் மிதக்க விட்டார். கிழங்கு தானாகவே தொழுவத்துக்கு வந்து சேர்ந்தது. வழியிலேயே மண்ணும் கழுவப்பட்டுவிட்டது!

விருந்தும் திவாலும்

பேக்வெல் கலியாணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி ஹன்னா வீட்டைக் கவனித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! பிரபுக்கள் வந்தார்கள், பிற தேசத்தார் வந்தார்கள், சாதாரணக் குடியானவர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. எல்லோருக்கும் பண்ணையைச் சுற்றிக் காட்டினார்.

அவர் வளர்த்த கறுப்பு வண்டிக் குதிரையை மூன்றாம் ஜார்ஜ் மன்னரே பார்த்தார்.

ஆனால் பெருமை வேறு, பெட்டியில் பணம் வேறு. வரவைக் காட்டிலும் செலவு மிஞ்சியது. 1776-இல் பேக்வெல் திவாலானார். உலகமே பார்த்து வியந்த மந்தையின் சொந்தக்காரர் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் மனம் தளரவில்லை. பண்ணையை விடவும் இல்லை. அவருக்கு மிகப் பெரிய வருமானம் வந்தது அதற்குப் பிறகுதான்! 1783-இல் டிஷ்லி சங்கம் என்று ஒன்று உருவாயிற்று. புதிய லெஸ்டர் இனத்தின் தூய்மையையும் கடா வாடகையையும் காப்பது அதன் வேலை.

ஒரு குறை

பெரியவர்களிடமும் குறை உண்டு. பேக்வெல்லின் குறை ரகசியம். தன் முறையை விளக்கி அவர் புத்தகம் எதுவும் எழுதவில்லை. எந்த மாட்டை எதனுடன் சேர்த்தார் என்பதை வெளியே சொல்லவில்லை.

கசாப்புக்கு அனுப்பும் ஆடுகளை வேறு யாரும் வாங்கி வம்சம் பெருக்கிவிடக் கூடாது என்று, அவற்றை ஈர நிலத்தில் மேய விட்டு நோய் பிடிக்கச் செய்த பிறகே விற்றார் என்றும் அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை மந்தையிலேயே வளர்ந்து வந்தது. கொழுப்பையே தேடித் தேடித் தேர்ந்ததில், பசுக்களின் பால் குறைந்தது. சினை பிடிப்பதும் குறைந்தது. நெருங்கிய உறவில் சேர்க்கும்போது நல்ல குணம் நிலைப்பது போலவே, மறைந்து கிடக்கும் கெட்ட குணமும் வெளிப்பட்டுவிடும் என்பதை இன்று விஞ்ஞானிகள் அறிவார்கள். அன்று அது யாருக்கும் தெரியாது.

1795-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி பேக்வெல் காலமானார். அவருக்கு வயது 70.

வண்டியில் வந்த எருது

அவர் உயிரோடு இருந்தபோதே, வடக்கே டார்லிங்டன் பக்கத்திலிருந்து சார்லஸ் காலிங் என்ற இளைஞர் டிஷ்லிக்கு வந்து பார்த்துப் போனார். சார்லசும் அவர் அண்ணன் ராபர்ட்டும் குட்டைக் கொம்பு மாடுகளை வளர்த்தார்கள். சார்லசின் மனைவி மேரியும் மாடுகளை நன்றாக அறிந்தவர். பேக்வெல்லின் முறையை அவர்கள் பால் கொடுக்கும் இனத்தில் கையாண்டார்கள்.

அவர்களுடைய மந்தைக்கு மூலமாக இருந்த காளைகளில் ஒன்று ‘ஹப்பேக்’. அதன் தாய் ஓர் ஏழையின் பசு. தெரு ஓரப் புல்லை மேய்ந்து வளர்ந்தது. பிறகு செழிப்பான புல்வெளிக்குக் கொண்டு போனார்கள். அங்கே அது கொழுத்தது, கொழுத்துக்கொண்டே போனது. பிறகு அது கன்றே ஈனவில்லை!

1796-இல் சார்லசின் பண்ணையில் ஒரு காளைக் கன்று பிறந்தது. அதை எருதாக்கி வளர்த்தார்கள். ‘டர்ஹாம் எருது’ என்று பெயர் பெற்றது. 1801-இல் அதை வாங்கியவர்கள் அதற்கென்றே ஒரு வண்டி செய்தார்கள். குதிரைகள் இழுக்க, எருது வண்டியில் நின்றபடி இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் சுற்றியது. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். 1807-இல் ஆக்ஸ்போர்டில் அதன் இடுப்பெலும்பு பிசகியது. அத்துடன் பயணம் முடிந்தது.

ராபர்ட் வளர்த்த வெள்ளைக் கிடேரி ஒன்றும் இப்படியே ஊர் ஊராகப் போய் வந்தது. அது காளைக் கன்றுடன் இரட்டையாகப் பிறந்தது. அப்படிப் பிறக்கும் கிடேரி பெரும்பாலும் மலடு. கன்று தராது என்பதால்தான் அதைக் கொழுக்க வைத்துக் காட்சிக்கு அனுப்பினார்கள்.

1810-இல் சார்லஸ் தன் மந்தையை ஏலம் விட்டார். ‘காமெட்’ என்ற காளை 1,000 கினிக்குப் போனது. அந்த விலைக்கு அதுவரை எந்தக் காளையும் விற்றதில்லை. 1822-இல் குட்டைக் கொம்பு மாடுகளின் வம்சாவளிப் புத்தகம் வெளிவந்தது. பேக்வெல் மறைத்து வைத்த ரகசியம், இப்போது யாரும் புரட்டிப் பார்க்கக்கூடிய புத்தகமாகிவிட்டது!

தலையீற்றுக் கிடேரி

காட்சிக்கு நிற்கும் மாடு வேறு. கன்று ஈன்று வம்சம் வளர்க்கும் மாடு வேறு. ஏழையின் பசுவும் வெள்ளைக் கிடேரியும் சொல்லும் பாடம் இதுதான். இன்று கண்காட்சிக்கு மாடு வளர்ப்பவர்களும் இதை மறக்கக் கூடாது.

கிடேரிக்கு முதல் ஈற்றுதான் கண்டம். அதன் இடுப்பெலும்பு இன்னும் முழுமையாக விரியவில்லை. அந்த நேரத்தில், பரிசு வாங்கியது என்பதற்காகப் பெரிய கன்று கொடுக்கும் காளையுடன் சேர்த்தால் கன்று வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். கன்றும் போகும், சில வேளை தாயும் போகும். ஆகவே பிறக்கும்போது சிறிய கன்றாகவும், பிறந்த பின் நன்றாக வளரும் கன்றாகவும் கொடுக்கும் காளையைத் தேட வேண்டும். அதை அறிய ஒரு நல்ல வழி உண்டு. காளையின் முந்தைய கன்றுகளின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வயது மட்டும் பார்த்துக் கிடேரியைச் சினைக்கு விடக் கூடாது. வளர்ந்த பசுவின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்க வேண்டும். அதிகமாகக் கொழுக்க விடவும் கூடாது. உள்ளே கொழுப்பு சேர்ந்தால் கன்று வரும் வழி குறுகிவிடும். பட்டினி போடுவதும் தவறு. தாய்க்குத் தெம்பு இராது. சீம்பாலும் நன்றாகச் சுரக்காது.

ஈனும் நேரத்தில் சுத்தமான வைக்கோல் பரப்பிய அமைதியான இடம் வேண்டும். கூட்டம் கூடாது. முதலில் இரண்டு முன்னங்கால்களும் அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் கன்று சரியாக வருகிறது. ஒரு கால் மட்டும் தெரிந்தாலோ, வால் தெரிந்தாலோ, பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் கன்று நகரவில்லை என்றாலோ, உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். பலம் கொண்ட மட்டும் இழுப்பது ஆபத்து. கன்று பிறந்ததும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சீம்பால் கொடுக்க வேண்டும். கன்றுக்கு முதல் மருந்து அதுதான்.

கூரையில்லாத கோயில்

பேக்வெல்லின் நீண்ட கொம்பு மாடுகளைக் குட்டைக் கொம்பு மாடுகள் ஓரம் கட்டின. அந்த இனம் அழியும் நிலைக்கே வந்தது. பிறகு ஆர்வம் உள்ளவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். இப்போது அந்த மாடுகள் மறுபடி கண்காட்சிகளில் நிற்கின்றன. புதிய லெஸ்டர் ஆட்டின் இரத்தம் இன்றும் பல செம்மறி இனங்களில் ஓடுகிறது. 1859-இல் வெளிவந்த தம் புகழ் பெற்ற நூலில் சார்லஸ் டார்வின், மனிதன் தேர்ந்தெடுத்து இனத்தை மாற்ற முடியும் என்பதற்கு பேக்வெல்லை ஓர் உதாரணமாகக் காட்டினார்.

டிஷ்லியில் ஒரு சிறிய மாதா கோயில் உண்டு. அதற்குக் கூரை போய்விட்டது. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அந்தச் சுவர்களுக்கு நடுவே பேக்வெல் உறங்குகிறார்.

சொந்த நிலம் இல்லாத குடியானவர் அவர். மாடுகளை வெறுமனே பார்க்காமல், கூர்ந்து பார்த்தார். அவர் கண்டுபிடித்ததை உலகம் எடுத்துக்கொண்டது. அவர் செய்த தவறையும் உலகம் பாடமாக எடுத்துக்கொண்டது. காளையை வாங்குமுன் அதன் கன்றுகளைப் பார். கொழுப்பைப் பார்க்குமுன் தாய்மையைப் பார் என்பதே அந்தப் பாடம்.